சுவாசகாசமும் ஸ்தூல தேகமும்: ஊட்ட மாத்திரைகளாற் பயன் உண்டோ?

வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் பெருவழியில் ஒரகடம் உள்ளது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில், முன்னர் ஏரியும் கழனியுமாய் விளங்கிய நிலத்தில், இன்று மோட்டார் வண்டி, கண்ணாடி, மின்கருவி முதலியன செய்யும் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றில் இரவும் பகலும் முறைவைத்து உழைப்போருள் நம் போன்ற கல்லூரிகளிற் பயின்று சென்ற இளைஞரும் உளர். காலந்தவறிய உணவாலும் உறக்கக் குறைவாலும் சரீரம் பருப்பது எளிது. பருத்த சரீரத்தோடு ஆஸ்துமா என்னும் சுவாசகாசமும் கூடுமாயின் துன்பம் இரட்டிக்கும். அந்நிலையில் மீனெண்ணெய்க் குளிகை, வைட்டமின் மாத்திரை, சோயாச் சத்து முதலியவற்றை நாடுவோர் பலர். அவற்றின் பயனை ஈண்டு ஆராய்வோம்.

ஒருவரது எடையைக் கிலோவிற் கொண்டு, அதனை உயர மீட்டரின் வர்க்கத்தால் வகுக்க, ஈவு 25-உம் அதற்கு மேலும் ஆயின், இந்தியர்க்கு அது ஸ்தூல தேகம் என நம் நாட்டு நிபுணர் 2009-இல் வகுத்தனர். வயிற்றிற் சேர்ந்த கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றது. நுரையீரல் விரிய இடம் குறைகின்றது. சிறு மூச்சுக்குழல்கள் ஒடுங்குகின்றன. அன்றியும் கொழுப்பு வெறும் பாரமன்று. அழற்சியை வளர்க்கும் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றது. ஆதலின் இத்தகையோர்க்கு ஸ்டீராய்டு இன்ஹேலரும் சிலவேளை முழுப்பயன் அளிப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் சத்து ஒன்றை உட்கொண்டால் நோயுந் தணியுமன்றோ என்னும் எண்ணம் இதனின்றே பிறந்தது.

எண்ணம் நன்றே, ஆயினும் சோதனை அதற்கு இசையவில்லை. வைட்டமின் டி குறைந்த ஆஸ்துமா நோயாளர் 408 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஆராய்ச்சியில், அவ்வைட்டமின் நோய் முற்றுதலைத் தடுக்கவில்லை. அந்நாட்டிலேயே 386 பேரிடம் சோயாச் சத்தைச் சோதித்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியிலும் சுவாச வலிமை மிகவில்லை. எடை மிக்க இளைஞர் 98 பேரைக் கொண்டு 2019-இல் வெளியான ஆராய்ச்சியில், ஏறத்தாழ ஆறு மாதம் மீனெண்ணெய் உட்கொண்டும் ஆஸ்துமா அடங்கவில்லை.

வைட்டமின் டி குறைந்திருப்பின், எலும்பின் நலங்கருதி வைத்தியர் சொற்படி அதனை நிறைத்துக்கொள்வது தக்கதே. அது மூச்சுக்கு மருந்தாகாது என்பதே நாம் கூறுவது. இப்பொருள்களின் உறையில், இவை மருத்துவ உபயோகத்திற்கல்ல என்னும் எச்சரிக்கை இருத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் விதிகளும் விதிக்கின்றன. மாத்திரை உண்கிறோம் என்னும் தைரியத்தால் இன்ஹேலரைக் கைவிடுவதே இதில் உள்ள பேராபத்து.

பயன் தருவது யாது? எடையைக் குறைத்தலே. 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எடை குறைந்தவருட் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது. 80 கிலோ எடையுடையார்க்கு இது 4 முதல் 8 கிலோவே. இன்ஹேலரைத் தவறாது கையாண்டு, உணவைச் சுருக்கி, உடலை இயக்குவோர்க்கு இஃது எட்டாத எல்லையன்று.

பிறிதொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. வண்டிகளுக்கு வர்ணம் தெளிக்கும் இடத்திலும், இருக்கைக்கான நுரைப்பஞ்சு வார்க்கும் இடத்திலும் பயன்படும் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் ஆஸ்துமாவைத் தோற்றுவிக்க வல்லது. வேலைநாளில் இரைப்பு மிகுந்து விடுமுறையில் தணியுமாயின், உடற்பருமனை மட்டும் குறைகூறாது, தாம் செய்யும் தொழில் இன்னதென வைத்தியரிடம் விளங்கச் சொல்லுதல் வேண்டும். தொழிலால் விளையும் ஆஸ்துமாவைச் சட்டமும் தொழில்நோய் அட்டவணையிற் சேர்த்துள்ளது. இதனை அறியாது, அரிதின் ஈட்டிய ஊதியத்தை மாத்திரைப் புட்டிகளிற் செலவிட்டு, அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருத்தல் நம் இளைஞர்க்கு நேராதிருக்கவேண்டும் என்பதே எமது வேட்கை.