ஜன்னல் வெளிச்சமே மூலதனம்

பெருநாள் காலையில் புத்தாடை அணிந்த பிள்ளைகளையெல்லாம் முற்றத்தில் நிறுத்திப் படமெடுப்பவர் எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். சகோதரியே, உங்கள் குடும்பத்தில் அது நீங்களாகவே இருக்கலாம். “என் பேத்தியை இத்தனை அழகாய் யாரும் பிடித்ததில்லை, எனக்கும் ஒரு பிரதி போட்டுத் தாம்மா” என்று மாமி கேட்கும்போது உள்ளம் குளிர்கிறது. பிரதி போட்ட காசைப் பற்றி மட்டும் மாமியும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. பொழுதுபோக்கு தொழிலாக மாறாமல் நின்றுவிடும் இடம் இதுதான்.

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு 1863இல் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூடாக இருந்த கொட்டகையைப் படமெடுக்கும் கூடமாக மாற்றிக்கொண்டு உறவினரையும், அயலாரையும், வீட்டுப் பணிப்பெண்களையும் படமெடுத்தார். படங்களுக்கு உரிமை பதிவு செய்து, லண்டன் கடையொன்றின் வழியே விற்கவும் செய்தார். 1875இல் இலங்கையில் குடியேறி அங்கேயே 1879இல் காலமானார்.

நமக்குக் கோழிக்கூடு கூட வேண்டியதில்லை. வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல் போதும். வடக்குப் பார்த்ததாயின் மிக நன்று. அமர்பவரின் முகத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழட்டும். மறுபக்கத்து நிழல் கறுத்தால், அங்கே ஒரு வெள்ளைப் போர்வையைப் பிடிக்கச் சொல்லுங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே தொடக்கத்திற்குப் போதுமானது. ஒருவரைத் தனியே எடுக்க அதன் துவாரத்தை அகலத் திறக்கலாம். பாட்டனார் முதல் கொள்ளுப்பேரன் வரை மூன்று வரிசையாய் நிற்கையில் அதே அளவில் எடுத்தால் பின்வரிசை மங்கிவிடும். எஃப் 8 அளவுக்குச் சுருக்குங்கள். ஓயாது ஆடும் குழந்தைக்கு ஷட்டர் வேகம் 1/250 விநாடியாவது வேண்டும். கடன் வாங்கி விளக்குகளும் திரைகளும் வாங்கிக் குவிப்பதை நான் ஒப்புவதில்லை.

இனி விலை. கேமராவும் லென்ஸும் 60,000 ரூபாய், மூன்றாண்டு உழைக்கும், ஆண்டுக்கு 60 குடும்பங்கள் வரும் என்று கொள்வோம். ஒரு குடும்பத்திற்குக் கருவியின் தேய்மானம் மட்டுமே ஏறத்தாழ 333 ரூபாய். எடுக்க ஒரு மணி நேரம் ஆனால், பொறுக்கித் திருத்த மூன்று மணி நேரமாகும். அச்சுக் கூலி, ஆட்டோச் செலவு வேறு. இதையெல்லாம் கூட்டாமல் “ஏதோ கொடுங்கள்” என்பவர் தம் உழைப்பைத் தாமே குறைத்து மதிக்கிறார். உறவினருக்கு இலவசமாகத்தான் தருவேன் என்றால் தாராளமாகத் தாருங்கள். ஆனால் ரசீதில் முழு விலையையும் எழுதி, அதன் கீழ் ‘அன்பளிப்பு’ என்று குறியுங்கள். அடுத்த முறை மாமியே பணத்தை நீட்டுவார்!

ஆடவர் முன் அமரத் தயங்கும் நம் வீட்டுப் பெண்கள் உங்கள் முன் தயங்கமாட்டார்கள். உங்களுக்குள்ள பெரும் வாய்ப்பு இதுவே. பெரும் பொறுப்பும் இதுவே. அவர்கள் முகம் உங்களிடம் அமானிதம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கூலி பெற்று எடுத்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே. “மாதிரிக்குத்தானே” என்று ஒரு மணப்பெண்ணின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தீர்களானால், அந்தத் தெருவே உங்களுக்கு மூடிக்கொள்ளும். எந்தப் படத்தை யாருக்குக் காட்டலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள்.

சிறுதொழில் பதிவான உத்யம், அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்குப் பணம் கேட்கும் தரகரை அண்டவேண்டாம்.

கடைசியாக ஒன்று: படத்தைக் கைபேசியில் மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தாதீர்கள். 8க்கு 10 அங்குலத்தில் தெளிவாய் அச்சிட 2400க்கு 3000 புள்ளிகள் வேண்டும்; வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் அவை எஞ்சியிரா. மூலப் படத்தை இரு வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் காத்து வையுங்கள். பாட்டனார் மறைந்த மறுவாரம், “அன்று எடுத்தீர்களே, அது இருக்கிறதா?” என்று அந்த வீட்டிலிருந்து யாரேனும் வந்து நிற்பார்கள்.