புதிய விண்டோஸ் பாதியில் நின்றால்...

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 14.10.2025-உடன் முடிந்தது. போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில் நடக்கும் காலம் இது. நம்மில் பலர் லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றுகிறோம். வேலை பாதியில் நின்றால் பற்று வரவுக் கணக்கு என்னாவது?

பதற வேண்டாம். மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரையில் வந்தால், பழைய விண்டோஸ் தானே திரும்புகிறது என்று பொருள். சார்ஜரைச் செருகியபடி விட்டுவிடுங்கள், இடையில் அணைக்காதீர்கள்.

பிறகு காரணம் பாருங்கள். பிழை எண்ணில் 80070070 என்றிருந்தால் டிஸ்க்கில் இடம் போதவில்லை, வேண்டாததை நீக்குங்கள். பிரிண்டர், பென்டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். டி.பி.எம். 2.0 இல்லாத பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது.

லேப்டாப் திறக்கவே இல்லையா? சில முறை தோற்றபின் பழுது பார்க்கும் திரை தானே வரும். முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', பிறகு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுங்கள். 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கலாம். முன்னதாகவே நோட்டில் குறித்து வையுங்கள். 'ரீசெட்' வேண்டாம், ஃபைல்களை வைத்துக்கொண்டாலும் கணக்கு மென்பொருள் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன், கணக்கைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். ஏல நாளிலும், கரண்டு நிலையில்லாத மழை நாளிலும் இவ்வேலையைத் தொடங்காதீர்கள்.