மிதவைக் கட்டமைப்புகளும் பாகியல் இழுவையும்

அறிவியலைத் தமிழில் எழுதுங்கால், கலைச்சொல்லின் குறை கருத்தின் குறையாக முடிதலும் உண்டு. நீர் தன்னுள் நிற்கும் பொருளின்மீது செலுத்தும் ‘டிராக்’ என்னும் விசையைத் ‘தடை’ எனலாமா, ‘இழுவை’ எனலாமா? கடலில் மிதக்கும் கட்டமைப்புகளைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

பாகுத்தன்மை அற்ற நீர்மத்தில் சீராகச் செல்லும் பொருளுக்கு இவ்விசையே இல்லை என்பது 1752-இல் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேர் கணக்கிட்டுக் கண்ட முடிவு. உண்மை நீரிலோ, பாகுத்தன்மையால் ஓட்டம் பொருளின் பரப்பை விட்டுப் பிரிந்து, பின்புறத்தே சுழல்களைத் தோற்றுவிக்கின்றது. முன்னும் பின்னும் அழுத்தம் வேறுபடுதலின் விசை பிறக்கின்றது.

சுழல்களை ஒவ்வொன்றாகக் கணித்தல் அரிது. ஆதலின் மோரிசனும் உடனாய்வாளர் மூவரும் 1950-இல் கடலில் ஊன்றிய தூண்களுக்கென ஓர் எளிய வாய்பாட்டை வகுத்தனர். அதன் ஒரு பகுதி நீரின் முடுக்கத்தைப் பொறுத்தது. மற்றொரு பகுதி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பின்னதே நாம் கருதும் விசை. அதன் குணகத்தைச் சோதனையால் அறிதல் வேண்டும். அக்குணகம் மாறிலி அன்று. நீரின் பெரும வேகத்தை அலைவுக்காலத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்கேற்ப மாறும் என்பதைக் கியூலிகனும் கார்ப்பென்டரும் 1958-இல் நிறுவினர்.

தூண் நிலைத்தது, மிதவையோ அசைவது. எனவே மிதவைக்கு நீரின் வேகத்தினின்று அதன் வேகத்தைக் கழித்த சார்பு வேகத்தையே கொள்வர். நீர் விரைந்தால் விசை மிதவையை உடன் இழுக்கும். மிதவை விரைந்தால் அதனைப் பின் இழுக்கும்.

2017-இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் காற்றாலைகள் ஐந்தும் நெடிய உருளை மிதவைகள்மேல் நிற்பன. இத்தகைய மிதவைகள் மெல்ல ஊசலாடுங்கால் அவை எழுப்பும் அலைகள் கொண்டுசெல்லும் ஆற்றல் மிகச் சிறிது. ஊசலைத் தணிப்பதில் பாகியல் விசைக்குப் பெரும்பங்கு உண்டு. குணகத்தை மிகுத்துக் கொண்டால், கணக்கில் ஊசல் குறையும். நங்கூரச் சங்கிலி தாங்கவேண்டிய உண்மை விசையோ அதனினும் மிகலாம். குறைத்துக் கொண்டால், நீரோட்டத்தின் தள்ளுதல் குறைவாக மதிக்கப்பெறும். இருபுறமும் இடர் உண்டு; ஒரே குணகத்தை எல்லா நிலைக்கும் காப்பானது எனக் கொள்ளுதல் இயலாது.

‘தடை’ என்னும் சொல் தணிக்கும் செயலை மட்டுமே சுட்டும். உந்தும் செயலை மறைக்கும். உடனிழுத்தல், பின்னிழுத்தல் ஆகிய இரண்டையும் தன்னுள் அடக்கும் ‘இழுவை’ என்பதே பொருந்திய சொல்லாம்.