புல் இருந்தும் மெலியும் மாடு

ஆப்பிரிக்காவில் பல இனத்தாருக்கு மாடுதான் சொத்து. பாலுக்கும் மாடு. உழவுக்கும் மாடு. கல்யாணச் சீருக்கும் மாடு. ஆனால் அங்கே சில பகுதிகளில் பச்சைப் புல் நிறைய இருந்தும் மாடு இளைத்துப் போகும். பால் வற்றும். சினை மாடு கன்று வீசிவிடும். கவனிக்காவிட்டால் செத்தும் போகும்.

இந்த நோயின் பெயர் நாகானா. இது ஜூலு மக்களின் சொல். 1895-ல் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜூலு நாட்டில் இதை ஆராய்ந்தார். அது இன்று தென் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நோயுற்ற மாட்டின் ரத்தத்தில் சிறு கிருமிகள் நெளிவதை அவர் பார்த்தார். செட்சி என்னும் ஈ கடிப்பதால் இவை பரவுகின்றன என்றும் காட்டினார்.

கிருமி ரத்தத்தில் பெருகும். சிவப்பு அணுக்கள் அழியும். கிருமியோடு போராடும்போது மாட்டின் உடம்பே தன் சிவப்பு அணுக்கள் பலவற்றை அழித்துவிடும். இதுதான் ரத்தசோகை. மாட்டின் கண் இமையைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். ஆனால் குடற்புழுவாலும் உண்ணியாலும்கூட இப்படி வெளுக்கும். இமையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அதற்கு ஒரு சோதனை உண்டு. மாட்டின் காது நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பு அணுக்கள் அடியில் படியும். மஞ்சள் நீர் மேலே நிற்கும். சிவப்பு கால் பங்குக்கும் குறைந்தால் ரத்தசோகை. இரண்டும் சேரும் இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி துடிப்பது தெரியும்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. கிருமி அடிக்கடி தன் மேல்தோலை மாற்றிக்கொள்கிறது. சட்டை மாற்றும் திருடனை எப்படி அடையாளம் காண்பது? மருந்து உண்டு. மாட்டின் எடைக்கு ஏற்ப அதைப் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்கக் குறைத்துப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் என்டாமா என்ற மாட்டினம் உண்டு. திமில் இல்லை. உருவம் சிறியது. பாலும் குறைவு. ஆனால் கிருமி புகுந்தாலும் இதன் ரத்தம் அவ்வளவாகக் குறையாது. பால் குறைந்தாலும் மாடு பிழைக்குமே!

ஈயையே ஒழித்த இடமும் உண்டு. தான்சானியாவில் உங்குஜா என்று ஒரு தீவு. அங்கே மலடாக்கிய ஆண் ஈக்களை விமானத்திலிருந்து விட்டார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் ஈக்களுக்குக் குஞ்சு இல்லை. 1997-க்குள் தீவில் செட்சி ஈ அற்றுப்போனது. சுற்றிலும் கடல். அதனால் புது ஈ வரவில்லை. பெரிய நிலப்பரப்பில் இது அவ்வளவு எளிதல்ல. அங்கே மருந்து தடவிய நீலத் துணிகளை நட்டு வைக்கிறார்கள். செட்சி ஈக்கு நீலம் பிடிக்கும். துணியில் வந்து உட்காரும். செத்து விழும்.