சர்வரின் பதிவேடும் சேமப் பிரதியும்

புனே நகரை அடுத்த சாகன், போசரி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆகிய தொழிற்பகுதிகளில் உற்பத்தியாகும் மோட்டார் உறுப்புகளும் யந்திரப் பாகங்களும் கடல் கடந்து செல்ல வேண்டுமாயின், அவை பெரும்பாலும் லாரிகளில் மலையிறங்கி நவசேவாத் துறைமுகத்தை அடைதல் வேண்டும். ஜவாஹர்லால் நேருவின் பெயர் தாங்கிய இத்துறைமுகத்தில், ஆண்டொன்றுக்குப் பதினெட்டு லட்சம் சரக்குப் பெட்டிகளைக் கையாளும் ஆற்றல் கொண்ட முனையம் ஒன்றை, டென்மார்க் நாட்டு மெர்ஸ்க் குழுமம் நடத்தி வந்தது. 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அம்முனையத்தின் பணி நின்றது. சேதமுற்றவை கிரேன்கள் அல்ல. எந்தப் பெட்டி எங்குள்ளது, எது எந்த லாரிக்கு உரியது என்று சொல்லும் கணிப்பொறிகளே செயலற்றுப் போயின. அதே நாளில் உலகெங்கும் அக்குழுமத்தின் 76 முனையங்களுள் 17 முனையங்கள் இவ்வாறு முடங்கின.

‘நாட்பெட்யா’ என்று பெயரிடப்பட்ட தீய நிரல் ஒன்று இதற்குக் காரணம். இதனை வைரஸின் கதையாகவே பலரும் கூறினர். எனினும், விண்டோஸ் சர்வர்களை நாள்தோறும் நிர்வகிப்போர் இதனின்று அறிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அதனை விளக்குவதற்கு முன், ஒரு வணிக நிறுவனத்தின் வலையமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது காண்போம்.

போசரியில் அறுபது கணிப்பொறிகளைக் கொண்ட தொழிற்கூடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கணக்கர், பண்டகசாலைப் பொறுப்பாளர், வரைவாளர் ஆகிய ஒவ்வொருவரும் காலையில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுப் பணி தொடங்குகின்றனர். இவற்றைச் சரிபார்ப்பது அவர்களுடைய மேசைமேலுள்ள கணிப்பொறி அன்று. தனியறையிலுள்ள ஒரு சர்வர் அப்பணியைச் செய்கிறது. அதற்கு டொமைன் கண்ட்ரோலர் என்று பெயர். அதில் ஆக்டிவ் டைரக்டரி என்னும் பதிவேடு உள்ளது. விண்டோஸ் 2000 காலந்தொட்டு வழங்கிவரும் இப்பதிவேட்டில், நிறுவனத்தில் பணிபுரிவோர் யாவர், எந்தக் கணிப்பொறிகள் நிறுவனத்தைச் சேர்ந்தவை, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பன யாவும் எழுதப்பட்டுள்ளன. கிராமத்தில் நிலத்திற்குச் சிட்டா அடங்கல் எப்படியோ, நிறுவனத்தின் வலையமைப்பிற்கு இப்பதிவேடு அப்படி.

‘டிரபிள் ஷூட்டிங்’ என்பதைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்று இக்கட்டுரையாளர் தயங்கியதுண்டு. ‘பழுதறிதல்’ என்பதே போதுமானது என இப்பொழுது தோன்றுகிறது. இத்தொழிலில் அறிதல் முக்கால் பங்கு. நீக்குதல் கால் பங்கே. சான்றாக, ஒரு நாள் கணக்கருடைய கணிப்பொறியில் பொதுக் கோப்புறை திறக்கவில்லை. ஆயினும் இணையதளங்கள் தடையின்றித் திறக்கின்றன. ‘வலையமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எல்லாரும் கூறுவர். அவ்வாறு தோன்றுவதே இப்பழுதின் அடையாளம். கணிப்பொறி தன் டொமைன் கண்ட்ரோலரைக் கண்டறிவதற்கு டி.என்.எஸ். என்னும் பெயர்ச் சேவையை நாடுகிறது. யாரேனும் அக்கணிப்பொறியின் டி.என்.எஸ். முகவரியை, உள்ளூர் சர்வருக்குப் பதிலாக ரவுட்டருக்கோ வெளியிலுள்ள பொதுச் சேவைக்கோ மாற்றியிருப்பின், அச்சேவைக்கு உலகத்துப் பெயர்கள் தெரியும். தொழிற்கூடத்தின் உட்பெயர்கள் தெரியமாட்டா. சர்வரைத் திரும்பத் திரும்ப நிறுத்தி இயக்குவதால் இங்கு யாதொரு பயனும் இல்லை. என்எஸ்லுக்கப் என்னும் சிறு கருவியைக் கொண்டு எந்தச் சேவை விடையளிக்கிறது என்று பார்ப்பின் இரண்டு நிமிடத்தில் உண்மை புலப்படும்.

மற்றொரு பழுது கடிகாரத்தைச் சார்ந்தது. பயனாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்னும் முறையில், சர்வர் அவருக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. இயல்பான அமைப்பில் அச்சீட்டு பத்து மணி நேரம் செல்லும். பழைய சீட்டை வேறொருவர் திருடிப் பயன்படுத்தாவண்ணம் சீட்டில் நேரம் குறிக்கப்படுகிறது. ஆகவே கணிப்பொறியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபடுமாயின் சீட்டு மறுக்கப்படும். கடவுச்சொல் சரியாகவே இருக்கும்; பயனாளர் மீதும் குற்றமில்லை. இருப்பினும் ஊழியர்கள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இட்டுத் தம் கணக்கையே பூட்டிக்கொள்வர். சர்வரின் மின்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்து, நீண்ட மின்வெட்டிற்குப் பின் கடிகாரம் பிசகியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நிர்வாகி முதலில் திறக்க வேண்டியது ஈவெண்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பேடு. பெரும்பாலும் பழுதின் காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிக்கும் பொறுமைதான் அரிது.

ஒரே டொமைன் கண்ட்ரோலரை நம்பியிருத்தல் ஆபத்தாகையால், இரண்டோ மூன்றோ வைப்பது வழக்கம். ஒன்றில் செய்த மாற்றம் ஒரே இடத்திலுள்ள மற்றவற்றிற்குச் சில நொடிகளிலும், தொலைவிலுள்ள கிளைகளுக்கு இயல்பாக மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறையும் தானே சென்று சேரும். ஒரு சர்வர் பழுதுற்றால் மற்றொன்று பணியைத் தொடரும். இவ்வசதியே ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. ‘பதிவேடு மூன்று இடங்களில் இருக்கிறதே, சேமப் பிரதி எதற்கு?’ என்று நிர்வாகிகள் எண்ணத் தலைப்படுகின்றனர். ஆனால் ஓரிடத்தில் தவறுதலாக அழித்த பெயர் மூன்றிடத்திலும் அழிந்துவிடும். ஒன்றையொன்று பின்பற்றும் பிரதிகள் பணி தடைப்படாமல் காக்குமேயன்றி, பிழையினின்று காக்கமாட்டா.

நவசேவாவை முடக்கிய நிரலுக்கு மீண்டும் வருவோம். உக்ரேன் நாட்டில் வரிக் கணக்கிற்குப் பயன்பட்ட எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் புதுப்பிப்போடு அது கலந்து வந்தது. அது நுழையப் பயன்படுத்திய வழிகளுள் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14ஆம் நாளே, அதாவது மூன்று மாதங்களுக்கு மேல் முன்னதாகவே, வெளியிட்டிருந்தது. ஆயினும் திருத்தம் செய்யப்பட்ட கணிப்பொறிகளும் வீழ்ந்தன. ஏன்? திருத்தம் செய்யப்படாத ஏதேனும் ஒரு கணிப்பொறியில் நிர்வாகி எப்போதோ நுழைந்திருந்தால், அவருடைய அடையாளச் சான்று அதன் நினைவகத்தில் தங்கியிருக்கும். நிரல் அதனை எடுத்துக்கொண்டு, நிர்வாகியின் பெயராலேயே, நிர்வாகிகள் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டே அடுத்த கணிப்பொறிக்குள் சென்றது. தலைமைச் சாவியைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கதவிற்கும் நல்ல பூட்டு இட்டதற்கு ஒப்பானது இது. அச்சுப்பொறியைச் சரிசெய்யச் செல்லும் நிர்வாகி, டொமைன் முழுவதையும் ஆளும் கணக்கோடு சாதாரணக் கணிப்பொறியில் நுழையலாகாது என்னும் விதி இதனாற்றான் வற்புறுத்தப்படுகிறது. அதற்குக் குறைந்த அதிகாரமுள்ள தனிக்கணக்கு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். சற்றுத் தொல்லைதான், மறுப்பதற்கில்லை.

மெர்ஸ்க் நிறுவனத்திற்கு உலகெங்கும் ஏறத்தாழ 150 டொமைன் கண்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனாலும் மற்றவை இருக்கும் என்பதே ஏற்பாடு. எல்லாம் ஒரே வேளையில் போகக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றைத் தவிர யாவும் அழிந்தன. எஞ்சிய அந்த ஒன்று ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்தது. தாக்குதல் நிகழ்ந்த வேளையில் அங்கு மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் அச்சர்வர் வலையமைப்பினின்று துண்டிக்கப்பட்டுக் கிடந்தது, அதனால் பிழைத்தது. இணைப்பின் வேகம் போதாமையால் அதிலுள்ள தகவலைக் கம்பி வழியே இங்கிலாந்திற்கு அனுப்பப் பல நாட்கள் பிடிக்கும் என்று தெரிந்தது. கானா அலுவலகத்து ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசாவும் இல்லை. ஆகவே ஊழியர் ஒருவர் ஹார்டு டிஸ்க்கை நைஜீரியா வரை விமானத்தில் கொண்டுசென்று, அங்கு விமான நிலையத்தில் மற்றொருவரிடம் ஒப்படைக்க, அவர் லண்டன் சேர்ந்தார். பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணிப்பொறிகளும் புதிதாக அமைக்கப்பட்டன. நிறுவனத்தின் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என மதிப்பிடப்பட்டது. மின்வெட்டை நன்மையெனக் கூறும் துணிவு நமக்கில்லை. ஆயினும் இங்கு அது செய்த வேலையை நிர்வாகி திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

2024 ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்தது தாக்குதலே அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பிழையான கோப்பை நீக்குவது எளிது. ஆனால் டிஸ்க் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்த கணிப்பொறிகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. சில நிறுவனங்களில் அச்சாவிகள் இருந்த இடம் டொமைன் கண்ட்ரோலர், அதுவும் நின்றுபோயிருந்தது.

போசரித் தொழிற்கூடத்து நிர்வாகி செய்யத்தக்கது யாது? பதிவேட்டின் சேமப் பிரதியை வாரந்தோறும் எடுத்து, எழுதி முடித்தவுடன் கழற்றி, வேறு கட்டடத்தில் வைத்தல் அவருக்கு இயலாததன்று. ஆனால் மிகப் பழைய பிரதி உதவாது. அழிக்கப்பட்ட பெயர்களின் அடையாளத்தை இப்பதிவேடு இயல்பாக 180 நாட்கள் வரைதான் நினைவில் வைத்திருக்கும். அதற்கும் முற்பட்ட பிரதியை மீட்பதற்கு ஏற்பாடு இடந்தராது. மேலும், பிரதியை மீட்பதற்கென்றே தனிக் கடவுச்சொல் ஒன்று உண்டு. சர்வரை டொமைன் கண்ட்ரோலராக அமைக்கும் நாளில் அதனை ஒருமுறை இடுவர். பின்னர் ஆண்டுக்கணக்கில் எவரும் அதனைக் கேட்பதில்லை. அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அதனைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலாளரின் இரும்புப் பெட்டியில் வைக்கலாம். ஆண்டுக்கொரு முறையேனும், வலையமைப்போடு தொடர்பற்ற ஒரு கணிப்பொறியில், அந்த உறையைப் பிரித்து அப்பிரதியைக் கொண்டு பதிவேட்டை மீட்டுப் பார்த்து, அதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் உறையின் மேல் குறித்து வைத்தல் வேண்டும்.