பஞ்சத்தில் பிறந்த அடை... அங்கே விருந்து, இங்கே வெட்கமா?

"அம்மா, இதைப் பாரேன்... அப்படியே ஆச்சி சுடுற அடை!"

டப்ளினில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மகள் வீடியோ காலில் தட்டைத் திருப்பிக் காட்டினாள். தோசையைவிடத் தடிமனாக, ஓரம் மொறுமொறுவென்று சிவந்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பெயர் 'பாக்ஸ்டி'. அயர்லாந்தின் பாரம்பர்ய உருளைக்கிழங்கு அடை.

திருநகரில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் நின்றிருந்த என் மாமியார், போனை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மதுரையில் நாம் மரவள்ளி என்பது அவருக்கு மரச்சீனி. அந்தக் கிழங்கைத் துருவி, ஊறவைத்த அரிசியோடு அரைத்து அவர் சுடும் அடைக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும். ஆனால், வெளியாட்கள் வந்தால் மட்டும் அந்த அடை வெளியே வராது. "விருந்தாளிக்கு மரச்சீனியா? பூரி போடும்மா" என்பார்.

அன்றும் அதையேதான் கேட்டார். "கிழங்கு அடையைக் கடையில வச்சு விக்கிறாங்களா? காசு கொடுத்தா சாப்பிடுறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், இரண்டு அடைகளுக்கும் பின்னால் இருந்த கதை தெரிந்தது.

ஆணி அடித்த தகரம்

அயர்லாந்தில் லெட்ரிம், கேவன், ஃபெர்மானா போன்ற வடக்குப் பகுதி மாவட்டங்களின் உணவு பாக்ஸ்டி. பாதி உருளையை வேகவைத்து மசிப்பார்கள். மீதியைப் பச்சையாகவே துருவித் துணியில் கட்டிப் பிழிவார்கள். பிழிந்த நீரின் அடியில் தங்கும் மாவையும் வீணாக்காமல் எடுத்து, கோதுமை மாவு, மோர் சேர்த்துக் கல்லில் சுடுவார்கள். இதையே ரொட்டியாகவும் வேகவைப்பார்கள். உருண்டை பிடித்துக் கொதிநீரில் போட்டும் எடுப்பார்கள்.

துருவி வாங்கக் காசில்லாத வீடுகளில், பழைய தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு அதில்தான் துருவினார்கள். இதைச் சொன்னதும் மாமியார் சிரித்துவிட்டார். "எங்க அம்மாவும் அப்படித்தான் வச்சிருந்தா!"

பாக்ஸ்டி என்ற பெயருக்கே 'ஏழை வீட்டு ரொட்டி' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு.

ஒரே கிழங்கை நம்பியதால்...

1840-களில் அயர்லாந்து மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உருளைக்கிழங்கை நம்பியே வாழ்ந்தார்கள். அதிலும் பெரும்பாலும் பயிரிட்டது 'லம்பர்' என்ற ஒரே ரகம். ருசி குறைவு, ஆனால் வளமில்லாத மண்ணிலும் விளைந்து கொட்டும். 1845-ல் கருகல் நோய் வந்தது. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறி நாட்டைவிட்டே போனார்கள். அந்த நாள்களிலும் தானியமும் வெண்ணெயும் அங்கிருந்து ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தன.

அப்போது லண்டனில் நிவாரணப் பணிகளைக் கையாண்ட அதிகாரி சார்லஸ் டிரெவல்யன். அதே மனிதர்தான் 1859-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு கவர்னராக வந்தார்.

அதற்குப் பிறகு, 1876-ல் நமக்கும் வந்தது தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது. இங்கும் தானியம் கப்பலேறிக்கொண்டிருக்க, மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். அப்போது தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் கதையை மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

மரச்சீனி வந்த கதை

மரவள்ளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. உருளையைப் போலவே இதுவும் கடல் கடந்து வந்ததுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மக்களின் பசியைப் போக்க இந்தக் கிழங்குச் சாகுபடியைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில், 1942-ல் பர்மா ஜப்பான் வசமானது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருந்தது மரச்சீனிதான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அந்த சமஸ்தானத்தைச் சேர்ந்த பகுதியாகவே இருந்தது.

என் மாமியாரின் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது. "மூணு வேளையும் அதுதான். சோறு பொங்குனா அன்னைக்குப் பண்டிகை. இல்லாத காலத்துச் சாப்பாட்டை விருந்துல வச்சா, நாம இன்னும் இல்லாதவங்கன்னு நினைக்க மாட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தால், இதே கிழங்கிலிருந்து சேலம் பக்கம் தயாராகும் ஜவ்வரிசி, கல்யாணப் பந்தியில் பாயசமாக வரும்போது கௌரவம். அடையாக வந்தால் மட்டும் ஏழ்மையா?

அயர்லாந்துக்காரர்கள் பாக்ஸ்டியை ஒளித்துவைக்கவில்லை. பண்டிகை நாள்களில் சுட்டார்கள். 1988-ல் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் பாக்ஸ்டிக்கென்றே ஓர் உணவகம் தொடங்கினார்கள். வருகிறவர்களுக்கு அடையோடு அதன் கதையும் கிடைக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

*பாக்ஸ்டி:* நான்கு நடுத்தர உருளையில் இரண்டை வேகவைத்து மசியுங்கள். இரண்டைப் பச்சையாகத் துருவிப் பிழியுங்கள். ஒரு கப் மைதா, உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, கெட்டி மாவு பதத்துக்கு மோர் சேர்த்து, மிதமான தீயில் வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுடுங்கள்.

*மரவள்ளி அடை:* ஒரு கப் புழுங்கலரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, நான்கு காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம், உப்புடன் கொரகொரப்பாக அரையுங்கள். துருவிய கிழங்கு ஒரு கப், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை கலந்து கனமாக வார்த்து, மூடிபோட்டு நன்றாக வேகவிடுங்கள். கிழங்கின் வெளித்தோல், உள்தோல் இரண்டையும் உரித்து, நடு நரம்பை எடுத்துவிட வேண்டும். மரவள்ளியை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. கசக்கும் கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் மகள் விடுமுறையில் வந்தாள், கூட வேலை பார்க்கும் தோழியோடு. நான் பூரிக்கு மாவு பிசையப் போனேன். மாமியார் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம். ரெண்டாவது ஸ்டாப்புல கிழங்கு வந்திருக்கான்னு பார்த்துட்டு வா."