ராமாயணத்தில் உச்சிக்குடும்பனுக்கு என்ன வேலை?

வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. திரையிலே ராவணனின் தர்பார். பத்துத் தலை ராவணன் கர்ஜிக்கிறான். முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் ஒண்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த நிமிடம் ஒரு குடுமிக்காரப் பொம்மை குதித்து வருகிறது. அதை விரட்டிக்கொண்டு இன்னொரு பொம்மை. அழுத குழந்தை சிரிக்கிறது. ராவணனை மறந்து கூட்டமே சிரிக்கிறது!

வந்தவர்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகள். வால்மீகி சொல்லாத, கம்பர் பாடாத பாத்திரங்கள். ஆனாலும் கூத்துப் பார்த்தவர்களிடம், "உங்களுக்குப் பிடித்த காட்சி எது?" என்று கேட்டால், இவர்கள் வரும் காட்சியைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

பத்து இரவுக் கதை

தோல்பாவைக்கூத்தில் ராமாயணத்தைப் பத்து இரவுகளாகப் பிரித்து நடத்துவது வழக்கம். ராமர் பிறப்பில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடியும். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் ஏற்றிப் பாவை செய்வார்கள். விளக்கொளி அதன் வழியே வரும்போது திரையில் வண்ணம் மின்னும்.

பாவைகளை ஆட்டுபவர் ஒருவரே. ராமர், சீதை, அனுமார், ராவணன் எல்லோருக்கும் குரல் கொடுப்பவரும் அவரே. குடும்பத்தார் மிருதங்கம், ஆர்மோனியம், ஜால்ரா என்று பக்கபலமாக இருப்பார்கள்.

ராமாயணம் தவிர நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டு. பஞ்சத்தில் அடிபட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழும் நல்லதங்காளைக் கண்டு அழாத பெண்கள் இல்லை. அந்த அழுகைக்கு நடுவிலும் உச்சிக்குடும்பன் வருவான். கூட்டத்தின் மனப் பாரத்தைச் சற்று இறக்கி வைத்துவிட்டுப் போவான்.

அவன் பேசுவது ராமர் காலத்துப் பேச்சு அல்ல. அன்றைய அரிசி விலையைப் பேசுவான். ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். கூத்தாடி வாய் திறந்து சொன்னால் வம்பு வரும். பொம்மை சொன்னால் பெரிய மனிதரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான்!

தங்கவயலைச் சுற்றி மூன்று மாநிலம்

கோலார் தங்கவயல்காரர்களுக்கு மூன்று மாநிலமும் பக்கம். பங்காருப்பேட்டையில் தெற்கே போகும் ரெயிலைப் பிடித்தால் குப்பம் வரும்போது ஆந்திரா. ஜோலார்பேட்டை வரும்போது தமிழ்நாடு. இந்த மூன்று மாநிலத்திலும் தோல்பாவை உண்டு. மூன்றிலும் இதே கோமாளி உண்டு.

ஆந்திராவில் அவன் பெயர் ஜுட்டுப்போலிகாடு. தெலுங்கில் ஜுட்டு என்றால் குடுமி. அதாவது நம் உச்சிக்குடும்பனின் உடன்பிறப்பு! அவன் ஜோடியின் பெயர் பங்காரக்கா. பங்காரம் என்றால் தங்கம் என்பதைத் தங்கவயல் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கர்நாடகத்தில் அவன் கில்லேக்யாதா. அங்கே பாவை ஆட்டும் சமூகத்துக்கே கோமாளியின் பெயர்தான். ராமர் பெயர் அல்ல, அனுமார் பெயரும் அல்ல. சிரிக்க வைத்தவன் பெயரே குலத்தின் பெயராகிவிட்டது! கொப்பள் மாவட்டத்தைச் சேர்ந்த மூதாட்டி பீமவ்வா இந்தக் கலைக்காக 2025-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆந்திராவின் தளவாய் சலபதி ராவுக்கு 2020-ம் ஆண்டிலேயே அந்த விருது கிடைத்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தமிழ்நாட்டில் பாவை ஆட்டும் குடும்பத்தாரின் வீட்டு மொழி மராத்தி. கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் பாவை ஆட்டுவோரின் வீட்டுப் பேச்சும் மராத்தியின் வழி வந்ததே. வீட்டில் ஒரு மொழி, திரைக்குப் பின்னால் ஊர் மொழி. பிழைக்க வந்த ஊரின் பேச்சைக் கற்று, அந்த ஊராரையே சிரிக்க வைத்தவர்கள் அவர்கள்.

அமெரிக்கக் கோமாளிகள்

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்கர் ஜிம் ஹென்சன் தன் தாயாரின் பழைய கோட்டுத் துணியில் 1955-ல் ஒரு பொம்மை செய்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கெர்மிட் தவளை அதுதான். அந்தத் தவளையைத் தலைவனாக வைத்து, இங்கிலாந்தில் தயாரித்த டெலிவிஷன் நிகழ்ச்சி "மப்பெட் ஷோ". 1976 முதல் 1981 வரை 120 நிகழ்ச்சிகள் வந்தன. பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் கலந்த கதம்பம் அது. மாடத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேலி செய்யும் இரண்டு கிழவர்களும் பொம்மைகளே.

ருடால்ப் நூரியேவ் என்ற பெரிய பாலே நடனக்காரர் ஒரு பன்றிப் பொம்மையோடு ஆடிய நிகழ்ச்சி ரசிகர்களால் மறக்க முடியாதது. மற்றொன்று, பாடகர் ஹாரி பெலபான்டே வந்த நிகழ்ச்சி. அதில் அவர் ஜமைக்கா நாட்டு வாழைத்தார்ப் பாட்டைப் பாடினார். இரவெல்லாம் கப்பலில் தார் ஏற்றிய கூலிக்காரர்கள், விடிந்ததும் கணக்கரை எதிர்பார்த்து நின்று பாடும் பாட்டு அது. இரவு ஷிப்ட் முடித்துச் சுரங்கத்திலிருந்து மேலே வந்த தங்கவயல் தொழிலாளிக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டாம்.

அதே நிகழ்ச்சியில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் போன்ற பொம்மைகளுடன் பெலபான்டே பாடிய இன்னொரு பாட்டும் உண்டு. 1990-ல் ஹென்சன் மறைந்தபோது, அவருடைய நினைவுக் கூட்டத்தில் அதே பாட்டை அவர் மறுபடியும் பாடினார்.

ஏட்டில் இல்லாத சிரிப்பு

ஹென்சன் மறைந்துவிட்டார். ஆனால் 120 நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம்.

உச்சிக்குடும்பன் பேசியது எங்கே இருக்கிறது? ராமாயணம் அச்சில் உள்ளது. நல்லதங்காள் கதையும் சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். கோமாளியின் பேச்சு மட்டும் அன்றன்றைக்குப் பிறந்து, அன்றன்றைக்கே மறைவது. ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தது கொஞ்சம். மற்றதெல்லாம் ஆட்டுபவரின் தொண்டையில்தான் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போய்விடும்.

தங்கவயலுக்கு வேலை தேடி வந்தவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனும் உச்சிக்குடும்பனுக்கு அண்ணன் தம்பி முறைதான். ராஜா வரும் முன் வந்து, ராஜாவையே கிண்டல் செய்பவன் அவன். அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்த பெரியவர்கள் தங்கவயல் லைன் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. சங்கு ஒலி நின்றது. அவர்கள் நினைவில் உள்ள சிரிப்பு மட்டும் மூடப்படவில்லை.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரெயிலில் இன்று செல்போன் இல்லாத கை இல்லை. அதிலே அடுத்தவர் வீட்டு வேடிக்கை எத்தனையோ ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம், அதே போனைத் தாத்தாவின் முன்னால் வைத்து, "கட்டியக்காரன் என்ன சொன்னான், தாத்தா?" என்று கேட்டால் போதும்.

அவர் சொல்லத் தொடங்குமுன் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்!